பதினோராவது வரி

ராண்டா: …வலது கை, டாக்டர். அது இடது கை.

ஆர்லன்: கண்ணுல கட்டுப் போட்டதுலேர்ந்து எது வலது, எது இடதுன்னே குழம்புது, ராண்டா. இப்ப சரியா?

ராண்டா: சரி. இந்தத் தாள்ல இருக்கற ஒவ்வொரு கையெழுத்தையும் உங்க கண்ணு முன்னாலதான் போட்டாங்கன்னு சத்தியமா சொல்றீங்களா?

ஆர்லன்: சொல்றேன். அப்ப ரெண்டு கண்ணும் நல்லா இருந்தது.

ராண்டா: 'சொல்றேன்' போதும். இங்க கையெழுத்துப் போடுங்க… இன்னும் கொஞ்சம் கீழ… ஆங்.

ஷெல்பி: அம்மா, கொஞ்சம் வேகமா. மணி பன்னெண்டரை ஆச்சு.

ராண்டா: இந்தக் கவுண்டருக்குப் பின்னால நான் அம்மா இல்ல, நோட்டரி. வரிசையில நில்லுங்க மேடம்.

ஷெல்பி: எந்த வரிசை? இந்த இன்சூரன்ஸ் ஆபீஸ்ல எங்க ரெண்டு பேரைத் தவிர ஈ காக்கா இல்ல.

ராண்டா: அப்ப நீதான் வரிசை. நில்லு.

ஆர்லன்: அவ நிக்க மாட்டா ராண்டா. ஆறு மாசமா அவ நின்னு நான் பாத்ததில்ல. நேத்து என் கண்ணு ஆபரேஷன் முடிஞ்சு மயக்கம் தெளியறேன், கட்டில் பக்கத்துல இவ. 'டாக்டர், தாள் எல்லாம் எங்க வெச்சிருக்கீங்க'ன்னு கேக்கறா. 'வலிக்குதா'ன்னு நர்ஸ்தான் கேட்டா.

ஷெல்பி: அந்த நாலு தாளையும் வண்டி சீட்டுக்கு அடியில, மாட்டு ஊசிப் பெட்டிக்குக் கீழ வெச்சிருந்தீங்களே, அதையும் அம்மாகிட்ட சொல்லுங்க.

ஆர்லன்: பத்திரமான இடம். மாட்டு டாக்டரோட ஊசியை யாரும் திருட மாட்டாங்க.

ராண்டா: ரெண்டாவது தாள். கையைத் தூக்குங்க. மறுபடியும் இடது கை, டாக்டர்.

ஷெல்பி: அம்மா, உனக்கு இது என்னன்னு தெரியுமில்ல? நீ பாட்டுக்கு ரசீதுக்குக் குத்தற மாதிரி டப்பு டப்புன்னு குத்தற.

ராண்டா: தெரியும். கருக்கலைப்புத் தடையை எடுக்கலாமா வேண்டாமான்னு நவம்பர் மாசம் ஜனங்களையே கேக்கணும். அதுக்கு மனு. கதவு கதவாப் போய் கையெழுத்து வாங்கியிருக்கீங்க. டிவில தினம் காட்டறான்.

ஷெல்பி: டிவில காட்டாததைச் சொல்றேன். மொத்தக் கையெழுத்து எப்பவோ சேந்தாச்சு. ஆனா மாநிலத்துல முப்பத்தெட்டு மாவட்டத்துலேர்ந்து குறைஞ்சபட்சக் கையெழுத்து வரணும்னு ஒரு விதி. நகரத்துக்காரங்க மட்டும் போட்டாச் செல்லாது. முப்பத்தேழு தேறிடுச்சு. முப்பத்தெட்டாவது எது தெரியுமா? நம்ம மாவட்டம். நானூத்திப் பன்னெண்டு வேணும். மத்த தாள் எல்லாம் காலையிலயே தலைநகரத்துக்குப் போயாச்சு. டாக்டரோட இந்த நாலையும் சேத்தா நானூத்தி இருபத்திமூணு. இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு மனு வாங்கற ஜன்னலைச் சாத்திடுவான்.

ஆர்லன்: தலைநகரத்துக்கு மூணு மணி நேரம்.

ஷெல்பி: நான் ஓட்டினா ரெண்டே முக்கால்.

ராண்டா: மூணு மணி நேரம்தான். மூணாவது தாள். இது என்ன கறை?

ஆர்லன்: பால். ஹட்டன் வீட்டுக் கன்னுக்குட்டி தாளை நக்கிடுச்சு. பேர் எதுவும் அழியல, பாத்துக்கோ.

ராண்டா: நான் பேரைப் படிக்கறதில்ல டாக்டர். இருபத்தாறு வருஷமா இதான் பழக்கம். யார் நிலத்தை வித்தா, யார் பொண்டாட்டி பேரை உயில்லேர்ந்து எடுத்தா, எதையும் படிக்க மாட்டேன். ஆள் யாரு, சத்தியம் பண்ணாரா, முத்திரை. அவ்வளவுதான்.

ஷெல்பி: வாழ்க்கையிலயும் அப்படித்தான் இருக்க.

ராண்டா: என்ன சொன்ன?

ஷெல்பி: ஒண்ணுமில்ல. குத்து.

ஆர்லன்: ராண்டா… அந்த நாலாவது தாள்… நான் முதல்லயே இவகிட்ட சொன்னேன், ஹாஸ்கெல் டவுனுக்குப் போயிடலாம், அங்க பேங்க்ல காலீன் இருக்கா, அவளும் நோட்டரிதான்னு. கேக்கல.

ஷெல்பி: எதுக்கு நாப்பது மைல் போகணும்? தெரு முனையில நோட்டரி இருக்கும்போது?

ஆர்லன்: காத்தாட இருக்கும்னுதான்…

ஷெல்பி: இல்ல டாக்டர், நான் வேணும்னேதான் இங்க கூட்டிட்டு வந்தேன். ஒளிக்கல. இந்தத் தாள்ல இவங்க கையால முத்திரை விழணும்னு இருந்தது. பிடிக்குதோ பிடிக்கலையோ, குத்தித்தான் ஆகணும். அது இவங்க வேலை.

ராண்டா: அப்படியா… சரி. நாலாவது தாளைக் குடுங்க.

ஆர்லன்: ராண்டா, நான் வேணா இப்பவே…

ஷெல்பி: என்னம்மா? ஏன் அதைத் தள்ளி வெக்கற?

ராண்டா: இதுக்கு முத்திரை போட மாட்டேன்.

ஷெல்பி: என்ன?

ராண்டா: மூணு தாளுக்குப் போட்டாச்சு. எடுத்துக்கோ. இதுக்குப் போட முடியாது. ஹாஸ்கெலுக்குப் போங்க. காலீனுக்கு நான் போன் பண்றேன்.

ஷெல்பி: ஏன் முடியாது? பேர் தப்பா? தேதி தப்பா? வேற மாவட்டத்துக்காரன் யாராவது போட்டுட்டானா?

ஆர்லன்: அதெல்லாம் நான் விட மாட்டேன். என் மச்சினனையே போட விடல. ஓடைக்கு அந்தப் பக்கம் அவன் வீடு, அது வேற மாவட்டம். பாலத்துல நின்னு ஒரு மணி நேரம் என்னைத் திட்டினான்.

ஷெல்பி: அப்ப என்ன குறை? மூணைக் குத்திட்டு நாலாவதை நிறுத்தற. அது இல்லாட்டி எவ்வளவு வரும்னு கணக்குப் போட்டியா? நானூத்தி மூணு. ஒம்பது பேர் குறையுது. கரெக்டா அந்த ஒரு தாளை…

ராண்டா: நான் கணக்கெல்லாம் போடல.

ஷெல்பி: போட்டிருப்ப. எனக்குத் தெரியும். ஈஸ்டர் அன்னிக்கு பெரியப்பா சாப்பாட்டு மேசையில உக்காந்து, 'இந்தப் பொண்ணைக் காலேஜுக்கு அனுப்பினது தப்பு, கொலைகாரிங்களோட சேந்துட்டா'ன்னு எல்லார் எதிர்லயும் சொன்னார். நீ என்ன பண்ண? ஹாம் கறித் தட்டை அவர் பக்கம் நகர்த்தின.

ராண்டா: ஹாம் ஆறிட்டிருந்தது.

ஷெல்பி: சிரிக்காதீங்க டாக்டர்.

ஆர்லன்: சிரிக்கல. கண்ணு உறுத்துது.

ஷெல்பி: நம்ம வீட்டுல, இந்த வம்சத்துலயே காலேஜ் முடிச்சவ நான் ஒருத்திதான். பட்டம் வாங்கின அன்னிக்கு நீ போட்டோல அவ்வளவு பெருமையா நின்ன. அந்தப் பட்டத்துல என்ன படிச்சேன்னு ஒரு நாள் கேட்டிருக்கியா? அரசாங்கம் குடும்பத்துக்கு என்ன பண்ணுது, என்ன பண்ணலன்னு நாலு வருஷம் படிச்சேன். படிக்கப் படிக்க உன் முகம்தான் வந்தது. தம்பி பொறந்து பன்னெண்டாவது நாள் நீ இறைச்சி ஆலைக்கு வேலைக்குப் போன. லீவு இல்ல, சம்பளம் இல்ல. குளிர்ப்பதன அறையில நின்னு பால் கட்டிக்கிட்டு அழுதன்னு அத்தை சொன்னாங்க. குடும்பம், குடும்பம்னு மேடையில கத்தறவன் ஒருத்தன் அன்னிக்கு உனக்கு ஒரு வாரம் லீவு வாங்கிக் குடுத்தானா? பெத்துக்கோன்னு சட்டம் போடுவான், பெத்தப்புறம் பன்னெண்டாவது நாள் கத்தியை எடுன்னு அனுப்புவான். அவனுக்காக நீ என் தாளை நிறுத்தற.

ராண்டா: பால் கட்டினதை உன் அத்தை சொன்னாளா?

ஷெல்பி: ஆமா.

ராண்டா: அவ வாயில எதுவும் நிக்காது.

ஆர்லன்: ராண்டா, சொல்லிடேன்.

ராண்டா: நீங்க சும்மா இருங்க டாக்டர்.

ஷெல்பி: என்ன சொல்லணும்?

ஆர்லன்: ஒண்ணுமில்ல, நான் மாட்டைப் பத்திச் சொல்ல வந்தேன்.

ஷெல்பி: இப்ப மாடா?

ஆர்லன்: அம்பது வருஷமா மாட்டுக்குப் பிரசவம் பாக்கறேன். கன்னு மாட்டிக்கிச்சு, தாய் போயிடும்னு தெரிஞ்சா, என்ன செய்யணுமோ செய்வேன். ஒரு தடவையாவது வக்கீலுக்குப் போன் பண்ணியிருக்கேனா? இல்ல. அதனாலதான் இந்த மனுவைத் தூக்கிக்கிட்டு அலையறேன். வேற தத்துவமெல்லாம் எனக்குத் தெரியாது. இதைச் சொன்னா போதும், பாதிப் பேர் பேனாவைக் கேட்டாங்க.

ஷெல்பி: கருத்துக்கணிப்புல நம்ம மாவட்டத்துல நூத்துக்கு எழுபது பேர் எதிர்ப்புன்னு வந்தது.

ஆர்லன்: யார் வந்து கேட்டான்? தெரியாத நம்பர்லேர்ந்து போன் வந்தா இங்க எவனாவது எடுப்பானா?

ராண்டா: எடுத்தாலும் பக்கத்து வீட்டுக்காரன் பதிலைத்தான் சொல்வாங்க. தன் பதிலைச் சொல்ல மாட்டாங்க.

ஷெல்பி: நீ எந்தப் பதிலைச் சொல்வ?

ராண்டா: என்னை யாரு கேட்டா?

ஷெல்பி: இப்ப நான் கேக்கறேனே.

ராண்டா: இப்பவா… இந்த ஊர்ல அறுநூறு வீடு. உங்காளுங்க ஒவ்வொரு கதவா வந்தாங்க. எதிர் வீட்டுக்கு வந்தாங்க, பின் வீட்டுக்கு வந்தாங்க. பாதிரியார் வீட்டுக்குக்கூட ஒரு சின்னப் பொண்ணு போனா. நம்ம வீட்டு நடையில கால் வெக்காமத் தாண்டிப் போனாங்க. ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டிருந்தேன். ஏன்னு யோசிச்சேன். ஏன்னு நீயே சொல்லேன்.

ஷெல்பி: நேரம் ஆகுது.

ராண்டா: டாக்டர் சொன்னார். நீங்க எல்லார் பேருக்கும் மார்க் போடுவீங்களாமே. ஒண்ணுன்னா உங்க பக்கம். அஞ்சுன்னா கதவைத் தட்டாதே, நேரம் வீண். எனக்கு அஞ்சு போட்டிருக்குன்னார். யார் போட்டதுன்னு கேட்டேன். இப்ப மாதிரியே கண்ணு உறுத்துதுன்னார்.

ஷெல்பி: டாக்டர்… அதைப் போய்ச் சொன்னீங்களா?

ஆர்லன்: அப்ப ஆபரேஷன் ஆகல. நிஜமாவே உறுத்துச்சு.

ஷெல்பி: நான்தான் போட்டேன். சரியா? நான்தான். நம்ம வாசல்ல பெரியப்பா அவ்வளவு பெரிய பலகை நட்டிருக்கார், 'வேண்டாம்னு வாக்களிப்போம்'னு. நீ அதுக்குப் பக்கத்துல செடிக்குத் தண்ணி ஊத்தற. வேற என்ன மார்க் போடறது?

ராண்டா: தட்டிட்டுப் போட்டிருக்கலாம்.

ஷெல்பி: …தட்டியிருக்கலாம். ஆமா. ஆனா இப்ப அதை மனசுல வெச்சுக்கிட்டுத் தாளை நிறுத்தாத. என் மேல கோவம்னா என்னைத் திட்டு. இருபது பேர் பேர் போட்டிருக்காங்க இதுல. இந்த ஊர்ல பேர் போடறது என்னன்னு உனக்குத் தெரியும். நாளைக்கு இந்த லிஸ்ட்டை யார் வேணா கேட்டு வாங்கிப் படிக்கலாம். பெரியப்பா கண்டிப்பா வாங்குவார். அது தெரிஞ்சும் போட்டிருக்காங்க. அவங்களை நீ தூக்கிக் குப்பையில போடற.

ராண்டா: யாரையும் குப்பையில போடல.

ஷெல்பி: குடு அதை. படிக்கறேன், கேளு. நீ படிக்க மாட்டியே, நான் படிக்கறேன். ஏழாவது, மல்யுத்த கோச். எட்டாவது, அவர் சம்சாரம். ஒம்பது, விதைக்கடை டெல்பர்ட். டெல்பர்டா… பத்து, சர்ச்சுல ஞாயித்துக்கிழமை பியானோ வாசிக்கற லுவான். இவங்க எல்லாம் தைரியமா… பதினொண்ணு…

ஆர்லன்: நான் ஹாஸ்கெல் போலாம்னு அப்பவே சொன்னேன்.

ஷெல்பி: இது உன் கையெழுத்து.

ராண்டா: ஆமா.

ஷெல்பி: 'ராண்டா மே ஸ்டெல்லிங்'. உன் எழுத்து. அந்த வால் நீட்டின 'ஜி' கூட… எப்ப போட்ட?

ஆர்லன்: நாய்க்குக் காது சீழ் பிடிச்சிருக்குன்னு கூப்பிட்டா, போனேன். மருந்து விட்டுட்டுக் கிளம்பறேன், வண்டிக்குள்ள தாளைப் பாத்துட்டா. 'என்னை ஏன் கேக்கலை'ன்னா. 'எனக்கு லிஸ்ட் எல்லாம் கிடையாது, கேட்டாக் குடுப்பேன்'னேன். வண்டி பானெட் மேல தாளை வெச்சுப் போட்டா. உன் பெரியப்பா நட்ட பலகைக்கு ரெண்டடி தள்ளி. பொண்ணுகிட்ட சொல்ல வேண்டாம்னா. சொல்லல. நாலு மாசம் எங்கிட்ட ஒரு ரகசியம் தங்கினது என் சம்சாரத்துக்கே ஆச்சரியமா இருக்கும்.

ராண்டா: தாளை எல்லாம் காலீன்கிட்ட கொண்டுபோறேன்னார். அதனால யோசிக்காமப் போட்டேன். தான் கையெழுத்துப் போட்ட தாளுக்குத் தானே முத்திரை குத்தக் கூடாது, நோட்டரிக்கு முதல் பாடமே அதான். நீ இவரை இங்க இழுத்துட்டு வருவன்னு கண்டேனா?

ஷெல்பி: அம்மா…

ராண்டா: அழாத. தாள்ல தண்ணி படும். ஏற்கெனவே ஒண்ணுல கன்னுக்குட்டி நக்கியிருக்கு.

ஷெல்பி: நான் அழல. சரி, இரு. இது சுலபம். ஒரு வரியை அடிக்கலாம். தாள் சேகரிச்சவர் ஒரு கோடு போட்டு, பக்கத்துல தன் பேரோட முதல் எழுத்தைப் போட்டா போதும், அந்த ஒரு கையெழுத்து மட்டும் கணக்குல வராது. டாக்டர், பதினொண்ணை அடிங்க. அப்புறம் அம்மா தாராளமா முத்திரை குத்தலாம். நானூத்தி இருபத்திரெண்டு. பத்து அதிகமாவே இருக்கு. மணி பன்னெண்டு நாப்பது. நிம்மதியாப் போய்ச் சேந்துடலாம்.

ஆர்லன்: பேனா இந்தா… ராண்டா?

ராண்டா: அடிக்கக் கூடாது.

ஷெல்பி: அம்மா, உன் ஒரு கையெழுத்து இல்லாட்டியும் நாம ஜெயிச்சுடுவோம்.

ராண்டா: எனக்குக் கணக்குத் தெரியும்.

ஷெல்பி: அப்புறம் என்ன? ஹாஸ்கெலுக்கு நாப்பது நிமிஷம். அங்கேர்ந்து தலைநகரத்துக்கு இன்னும் மூணு மணி நேரம். வழியில ஒரு டிராக்டர் குறுக்க வந்தாப் போச்சு. ஆறு மாசம், முப்பத்தெட்டு மாவட்டம், எல்லாம் போச்சு. நீ போட்டன்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சு. எனக்கு அது போதும்.

ராண்டா: உனக்காகப் போட்டேன்னு நெனைச்சியா?

ஷெல்பி: பின்ன?

ராண்டா: டாக்டர், அந்தப் பேனாவை மூடுங்க. இருங்க, போன் பண்றேன். காலீன்… ஆமா, நான்தான். ஒரு தாள் வருது. சாப்பாட்டுக்குப் போயிடாத, முத்திரையோட இரு. கால் மணி நேரம்கூட நிறுத்தி வெக்காத. ஒண்ணு இருபதுக்கு அங்க இருப்போம். ஆமா, அந்த மனுதான். சரி, வெச்சுடறேன்… காலீன் அழறா. அவளும் இந்த மனுல கையெழுத்துப் போட்டிருக்காளாம், அங்க.

ஷெல்பி: நீ ஒண்ணு புரிஞ்சுக்கோ. லிஸ்ட் வெளிய வந்தா பெரியப்பா முதல்ல நம்ம தெருவைத்தான் படிப்பார். சர்ச்சுல உன்னோட யாரும் உக்கார மாட்டாங்க. அப்பா என்ன சொல்வார்?

ராண்டா: நான் போட்ட பேனா உங்கப்பாவோடது. சட்டைப் பையிலேர்ந்து எடுத்து மூடியைக் கழட்டிக் குடுத்தார்.

ஷெல்பி: அப்பாவா?

ஆர்லன்: ஆமா. அங்கதான் நின்னுக்கிட்டிருந்தார்.

ஷெல்பி: அப்ப அவரும் போட்டாரா? பன்னெண்டாவது வரி…

ராண்டா: போடல. இன்னும் அவருக்கு அண்ணன்னா பயம். அந்த வரி கோச்சோட மாமியார். ஆனா பேனா குடுத்தார். அவரால அன்னிக்கு அவ்வளவுதான் முடிஞ்சுது.

ஷெல்பி: எனக்கு ஒண்ணுமே புரியல. எனக்காக இல்ல, ஊருக்காக இல்ல, ஜெயிக்கறதுக்கு வேணும்னும் இல்ல. பின்ன எதுக்காக ஒரு வரிக்கு இப்படி அடம் பிடிக்கற? கையெழுத்துதானேம்மா. நவம்பர்ல வாக்குப் போடப் போற, அப்ப யாருக்கும் தெரியாமக் குத்திட்டு வரலாம்.

ராண்டா: யாருக்கும் தெரியாம இருந்தது போதும். வண்டிச் சாவியைக் குடு, நான் ஓட்டறேன். அந்த ரோடு எனக்குத் தெரியும். உனக்கு ஒம்பது வயசு, உன்னையும் தம்பியையும் அத்தை வீட்டுல அஞ்சு நாள் விட்டிருந்தோம், எனக்குக் குடல்வால் ஆபரேஷன்னு சொன்னோம். குடல்வால் இல்ல. பதினேழாவது வாரம் பனிக்குடம் உடைஞ்சு போச்சு. பிள்ளை தங்காதுன்னு இங்க சர்ச்சு நடத்தற ஆஸ்பத்திரியில அவங்களே சொன்னாங்க. ஆனா பிள்ளைக்கு இதயத்துடிப்பு இருக்கு, எங்க விதிப்படி தொட முடியாது, உங்களுக்குக் காய்ச்சல் ஏறினாப் பாப்போம்னு ஒரு போர்வையைப் போத்திட்டுப் போயிட்டாங்க. காய்ச்சல் ஏறுச்சு. அப்பவும் யாருக்கோ போன் பண்ணிக்கிட்டிருந்தாங்க. உங்கப்பா என்னைத் தூக்கி டிரக்குல போட்டுக்கிட்டு, பட்டப்பகல்ல, அந்த நாப்பது மைலை இருபத்தெட்டு நிமிஷத்துல ஓட்டினார். ஹாஸ்கெல்ல ஒரு டாக்டரம்மா ஒரு தாளை நீட்டி, இதுல நீங்க கையெழுத்துப் போட்டா இப்பவே உங்களைக் காப்பாத்தறேன்னாங்க. பேனாவைப் பிடிக்கறேன், பிடிக்கறேன், விரல் மடங்கல. குளிர்ல உதறுது. கடைசியில உங்கப்பா போட்டார், எனக்குப் பதிலா. என் உடம்புக்கு நான் போட வேண்டிய கையெழுத்து, பதினாலு வருஷம் போடாமயே கிடந்தது. இப்பத்தான் போட்டிருக்கேன், பதினோராவது வரியில, கை கொஞ்சம்கூட நடுங்கல, நீயே பாத்த. அதை அடிக்க எம்பொண்ணுக்கும் உரிமை இல்ல. சாவி எங்கடி?